ஒழுகும் கூரைக்கு முழு வாடகையா?

 

வாடகை கொடுக்கவேண்டிய நாள் ஐந்தாம் தேதி என்றால், ஆறாம் தேதி காலையிலேயே வீட்டு உரிமையாளரின் அழைப்பு வந்துவிடுகிறது. ஆனால், கூரை ஒழுகுகிறது, கழிவறைக் குழாய் உடைந்து சுவர் ஊறுகிறது, மின்கம்பியில் தீப்பொறி பறக்கிறது என்று குடியிருப்பவர் அழைத்தால், அதே தொலைபேசி ஒலித்து ஓய்கிறது. எடுத்தாலும் கிடைக்கும் விடை, “இன்ஷா அல்லாஹ், ஆள் அனுப்புகிறேன்” என்பதே. ஆள் வருவதில்லை. அல்லாஹ் நாடினால் செய்வேன் என்னும் அந்தக் கண்ணியமான வாக்கு, செய்யும் எண்ணமே இல்லாதவர்களின் நாவில் தவணை சொல்லும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது.

நம் சமுதாயம் இதனை ஒரு சிறிய அலட்சியமாகவே கருதி வருகிறது. வட்டியின் தீமையை ஜும்ஆ பயானில் கேட்கிறோம். கலப்படத்தின் தீமையைக் கேட்கிறோம். வாடகை வீட்டின் பழுதைப் பற்றி மிம்பரில் கேட்பது மிக அரிது. ஆகவே நாம் சொல்ல வந்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். முழு வாடகையையும் பெற்றுக்கொண்டு, வசதி இருந்தும் வீட்டின் இன்றியமையாத பழுதுகளைத் தள்ளிப்போடுவது பிறர் ஹக்கை உண்பதாகும். அது அளவையில் மோசடி செய்வதாகும்.

வாடகையில் விற்கப்படுவது எது?

மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடத்தை ஒட்டியே இஜாரா பாடம் வரும். காரணம் தெளிவானது. இஜாராவும் ஒரு வகை விற்பனையே. கடைக்காரர் அரிசியை விற்கிறார். வீட்டு உரிமையாளர் வீட்டின் பயனை விற்கிறார். கல்லும் மண்ணும் அவருடையவை. அவற்றில் குடியிருக்கும் பயன், ஒப்பந்தக் காலம் முடியும்வரை, விலை கொடுத்தவருடையது. அந்தப் பயன் என்பது நான்கு சுவர்களைச் சுட்டுவதன்று. மழையில் நனையாமல் உறங்குவதும், தண்ணீர் எடுத்து ஒளு செய்வதும், விளக்கைப் போட அஞ்சாமல் இருப்பதும் அந்தப் பயனுக்குள் அடங்கும். குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 80ஆம் வசனம், வீடுகளை அமைதி பெறும் இடமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிக் கூறுகிறது. அந்த அமைதியே வாடகைக்கு ஈடாகக் கொடுக்கப்படவேண்டிய பொருள்.

அவ்வாறாயின், இரண்டு அறைகளுக்கு வாடகை வாங்கிவிட்டு, ஓர் அறையை மழைநீருக்கு விட்டுவைத்திருப்பவர் செய்வது என்ன? ஒரு கிலோவுக்குப் பணம் வாங்கி அரைக் கிலோ நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் தொடங்குகிறது. ஒரு ரூபாய் குறையாமல் வாடகை எண்ணி வாங்கும் கையும், ஒரு மூட்டை சிமெண்டுக்கு மூடிக்கொள்ளும் கையும் ஒரே மனிதருடையவையாக இருக்கும்போது, அவ்வசனங்கள் தராசு பிடிப்பவரை மட்டும் எச்சரிக்கின்றன என்று நாம் எப்படிச் சொல்லமுடியும்? மத்யன் நகரத்தாரிடம் நபி ஷுஐபு (அலை) அவர்கள் அளவையையும் நிறுவையையும் நிறைவாக்கச் சொன்னதோடு நிறுத்தவில்லை. மக்களுக்கு உரிய பொருள்களை அவர்களுக்குக் குறைத்துவிடவேண்டாம் என்றும் தடுத்தார்கள். 7, 11, 26 ஆகிய மூன்று அத்தியாயங்களில் இத்தடை இடம்பெறுகிறது. ‘உரிய பொருள்கள்’ என்ற அந்த விரிந்த சொல்லுக்குள் வாடகை கொடுத்தவரின் கூரையும் அடங்கும்.

இமாம்கள் என்ன சொன்னார்கள்?

பழுது பார்ப்பது உரிமையாளர் தம் நல்ல மனத்தால் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மார்க்கச் சட்ட நூல்கள் அப்படிச் சொல்லவில்லை.

கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மையான நூல்களுள் ஒன்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’. வீட்டின் சாவியை ஒப்படைப்பதும், வீட்டைச் செப்பனிடுவதும் வாடகைக்கு விட்டவரின் பொறுப்பு என்று அந்நூல் வகுக்கிறது. அவர் விரைந்து சீர்செய்தால் நல்லது. செய்யாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்குக் கிடைக்கிறது. கூரைமேல் சேரும் பனியை அகற்றுவது உரிமையாளர் பொறுப்பு என்றும், முற்றத்துக் குப்பையைப் பெருக்குவது குடியிருப்பவர் பொறுப்பு என்றும்கூட அங்கே பிரித்துக் கூறப்பட்டுள்ளது. இமாம் அவர்கள் வாழ்ந்த சிரியா நாட்டில் பனி பெய்யும்; நம் ஊரில் ஐப்பசி மழை பெய்கிறது. மொட்டைமாடியில் தேங்கும் நீரைப் பற்றி நமக்கு எடுத்துச் சொல்ல இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. பயிரிடுவதற்காக வாடகைக்கு எடுத்த நிலத்துக்கு நீர் நின்றுபோனாலும், ஒப்பந்தத்தை விட்டு விலகும் உரிமை உண்டென்று அதே பாடம் கூறுகிறது. மோட்டார் பழுதாகி மாதக்கணக்கில் குடத்தில் நீர் சுமக்கும் குடும்பத்தின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பும் இதற்கு மாறானதன்று. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’வின் 529ஆம் பிரிவு, வீட்டைப் பழுதுபார்ப்பதையும் நீர்வழிகளைச் சீராக்குவதையும் குடியிருப்புக்கு இடையூறானவற்றை நீக்குவதையும் உரிமையாளர் மீதே சுமத்துகிறது. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறிவிடலாம் என்கிறது. இரண்டு மத்ஹபுகளும் ஒன்றுபட்டு நிற்கும் இடத்தில் “இது என் விருப்பம்” என்று சொல்ல எவருக்கு இடமிருக்கிறது?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகளையும், குழாய் மாற்றுவதையும், மின்கம்பிப் பணிகளையும் அச்சட்டம் உரிமையாளரிடம் ஒப்படைக்கிறது. குழாயின் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவருடையவை. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் நிறுத்திவைப்பதையும் அது தடைசெய்கிறது. அரசின் சட்டம் இவ்வளவு கேட்கும்போது, மறுமையை நம்புகிறவர் அதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

அடுக்கப்படும் சாக்குகள்

முதல் சாக்கு: “வீட்டைப் பார்த்துத்தானே வந்தீர்கள்?” இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். குறையைக் கண்ணால் கண்டு, அதற்கு உடன்பட்டுக் குடிவந்தவர், பின்னர் அதையே காரணம் காட்டி விலகமுடியாது என்று மஜல்லாவும் கூறுகிறது. ஆனால் நம் ஊர்களில் நடப்பது வேறு. சித்திரை வெயிலில் சுவரின் ஈரக்கறைமீது புதுச் சுண்ணாம்பைப் பூசி, அவ்வீட்டைக் காட்டி முன்பணம் வாங்குகிறார்கள். ஐப்பசியில் கறை திரும்பி வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் இடம்பெறும் இந்த ஹதீஸில் வரும் ஈரமும் மழையால் வந்ததே. ஈரத்தை மறைத்ததே அங்கே குற்றமாயிற்று.

இரண்டாம் சாக்கு: “இந்த வாடகைக்கு இவ்வளவுதான் கிடைக்கும்.” வாடகை குறைவு என்றால் அது இருவரும் உடன்பட்ட விலை. உடன்பட்டபின் விலையை உயர்த்தமுடியாதவர், பொருளைக் குறைத்து அதை ஈடுகட்டுவது எந்த வியாபாரத்தில் ஹலால்?

மூன்றாம் சாக்கு: “பிடிக்கவில்லையென்றால் காலி செய்யட்டும்.” நம்மை மிகவும் வேதனைப்படுத்துவது இதுவே. பெயரைக் கேட்டவுடன் “வீடு இல்லை” என்று கதவடைக்கப்படும் அனுபவம், பெருநகரங்களில் வீடு தேடிய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. அதனால்தான் அவர்கள் திருவல்லிக்கேணியையும் மண்ணடியையும் போன்ற நம்மவர் வாழும் பகுதிகளையே நாடி வருகிறார்கள். பள்ளிவாசலும் மத்ரஸாவும் அருகில் இருக்கவேண்டும் என்றும் விரும்புகிறார்கள். பிறர் கதவடைத்ததால் நம்மிடம் வந்த சகோதரரின் கதியின்மையை உரிமையாளர் நன்கு அறிவார். “இவர் எங்கே போய்விடுவார்?” என்ற அந்தக் கணக்கே பழுதைத் தள்ளிப்போடும் துணிவைத் தருகிறது. பிறர் நம்மை ஒதுக்குவதைக் கண்டித்து மேடையில் பேசும் நாம், அந்த ஒதுக்கலிலிருந்து நம்மவர் இலாபம் எடுப்பதைப் பற்றி வாய்திறவாதிருப்பது நீதியா?

மேலும், காலி செய்வது சொல்வதைப்போல் எளிதன்று. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையே முன்பணத்தின் வரம்பு என்று சட்டம் கூறியிருக்க, பத்து மாத வாடகையைப் பிடித்துவைக்கும் வழக்கம் சென்னையில் தொடர்கிறது. அப்பணம் கைக்கு வராமல் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டமுடியாது. பிள்ளைகளின் பள்ளி ஆண்டின் நடுவில் இருக்கும். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் அவ்வீட்டிலேயே இருந்தாகவேண்டும். அவரிடமும் “காலி செய்யுங்கள்” என்பது எப்படிப் பொருந்தும்?

நான்காம் சாக்கு உரிமையாளரிடமிருந்து வருவதன்று, நம்மிடமிருந்தே வருகிறது. “சபூர் செய்யுங்கள், அல்லாஹ் நல்ல வீடு தருவான்” என்று குடியிருப்பவருக்கு நாம் உபதேசிக்கிறோம். அல்லாஹ் தரும் சோதனையில் பொறுமை காப்பது ஈமானின் அழகு. ஆனால், ஒரு மனிதர் செய்யும் அநீதியை அல்லாஹ்வின் சோதனையாகப் பெயர் மாற்றி, அநீதி செய்பவரை விட்டுவிட்டு, அதற்கு ஆளானவருக்கு மட்டும் பயான் செய்வது மார்க்கத்தின் வழி அன்று.

தாமதத்தின் விலை

பழுது என்றால் வெறும் வசதிக் குறைவு என்று எண்ணிவிடவேண்டாம். மாடிக் கழிவறையின் குழாய் கசிந்து கீழ்வீட்டில் சொட்டும்போது, அது கழிவுநீர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், அது நஜீஸ். பாயை எங்கே விரிப்பது, எந்த ஆடையோடு தொழுவது என்று ஐந்து வேளையும் அக்குடும்பம் தவிக்கிறது. ஊறிய சுவருக்குள் செல்லும் பழைய மின்கம்பி, தவழும் குழந்தைக்கு ஆபத்தாகிறது. பூஞ்சை படிந்த அறையில் ஆஸ்துமா நோயாளியின் இரவுகள் நீள்கின்றன. தளத்தின் விரிசல் வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு ஏறிய கம்பி பருத்துக் காரையைத் தள்ளுகிறது. பிறகு அது தொட்டிலின் மேலோ படுக்கையின் மேலோ பெயர்ந்து விழுகிறது. கோடையில் தட்டோட்டின் இடுக்குகளை அடைத்திருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும். தாமதித்தவர் பிறர் உயிரையும் தம் சொத்தையும் ஒருசேரப் பணயம் வைக்கிறார். தானும் தீங்கிழைக்கக் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்ற நபிமொழி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக விளங்குவதை இங்கே நினைவூட்டுகிறோம்.

வசதியுள்ளவர் கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது அநீதி என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் கூறுகிறது. அது கடனைப் பற்றியது. ஆனாலும் விலை வாங்கியபின் ஒப்படைக்கப்படாத பயனும் ஒருவர் பொறுப்பில் நிற்கும் பாக்கியே. இரண்டாம் முறை உம்ராவுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, குழாய் மாற்றப் பணமில்லை என்று சொல்பவர், தம்மை எந்த வகையில் சேர்ப்பது என்று தாமே தீர்மானிக்கட்டும்.

உண்மையிலேயே வசதியற்ற உரிமையாளர்களும் உண்டு. ஒற்றை வீட்டின் வாடகையில் மருந்தும் உணவும் வாங்கும் விதவைத் தாய்மார்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்கள்மீது நாம் கல்லெறியவில்லை. சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. ஆனால் அவகாசம் கேட்கவேண்டும். “இப்போது இயலவில்லை; தை மாதத்தில் செய்கிறேன்; அதுவரை வாடகையில் இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள்” என்று நிலையைச் சொல்லிவிட்டால் பகையே எழாது. வறுமை எவருக்கும் குற்றமாகாது. அழைப்பை எடுக்காமல் ஒளிந்துகொள்வதற்கு அது காரணமும் ஆகாது.

குடியிருப்பவருக்கும் சில சொற்கள். வீடு நம் கையில் அமானிதம். சமையலறைத் தொட்டியில் சோற்றை வடித்துக் குழாயை அடைத்துவிட்டு உரிமையாளரை ஏசுவது முறையன்று. பழுதைக் கண்டவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். படமெடுத்துத் தேதியோடு அனுப்புங்கள். வாடகையைத் தன்னிச்சையாக நிறுத்திவிடாதீர்கள். உரிமையாளர் மறுத்தால், குடியிருப்பவர் பழுதைச் சரிசெய்து, சட்டம் விதிக்கும் முறைப்படி அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆயினும் அனுமதியின்றித் தாமாகச் செய்த செலவு ஹனஃபீ சட்டத்தில் அன்பளிப்பாகவே கருதப்படும். எனவே, “நானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு, எழுத்தில் இசைவு பெறுவதே இரு வகையிலும் பாதுகாப்பானது.

ஜமாஅத்தார் கவனத்துக்கு

தனிமனிதரைக் கேட்கும் முன், நம் நிர்வாகங்களைக் கேட்கவேண்டும். பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் சொந்தமான வக்ஃபு வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் பல குடியிருக்கின்றன. அவற்றுள் எத்தனை வீடுகளில் ஓடு மாற்றப்பட்டிருக்கிறது? வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தைச் செப்பனிடுவதே என்று ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாகச் சொல்லாவிட்டாலும் அதுவே முறை. இதை அறிந்தும், ஒழுகும் வக்ஃபு வீடுகளின் வாடகையை வசூலித்து மினாராவுக்கு வண்ண விளக்கு மாட்டும் முத்தவல்லியை எவர் கேட்பது? ஜமாஅத்தே இவ்வாறு நடந்தால், தனியார் உரிமையாளரைக் கண்டிக்கும் தகுதி அதற்கு எங்கிருந்து வரும்?

ஆகவே நாம் வலியுறுத்துபவை ஐந்து. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வக்ஃபு வீடுகளை மழைக்காலத்துக்கு முன், ஆடி மாதத்துக்குள், பார்வையிட்டுச் சீர்செய்யட்டும். நிக்காஹ், தலாக் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் அமர்வுகளில் வாடகைப் பழுது வழக்குகளையும் எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீரும் நாள் கணக்கிலும், கூரை வார கணக்கிலும் சீராகவேண்டும் என்று கெடு விதிக்கட்டும். கெடு தவறினால் குடியிருப்பவர் வாடகை நீதிமன்றத்தை நாடுவதைக் “குடும்ப மானம்” என்று சொல்லித் தடுக்காதிருக்கட்டும். இமாம்கள் ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவையாவது இஜாராவின் சட்டங்களுக்கு ஒதுக்கட்டும்.

உரிமையாளர்களாகிய சகோதரர்களே! தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறர் உரிமைகளைப் பறித்ததால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரே தம் சமுதாயத்தின் திவாலானவர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டில் குடியிருக்கும் சகோதரி, இரவு மூன்று மணிக்கு ஒழுகும் நீருக்குப் பாத்திரம் வைக்க எழுகிறார். அது தஹஜ்ஜுத்து நேரம். அநீதிக்கு ஆளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை. அவர் கையேந்துவதற்கு முன் உங்கள் கொத்தனார் அவ்வீட்டுக்குச் சென்றுவிடட்டும். இன்றே தொலைபேசியை எடுங்கள்.

பிறர் ஹக்கைப் பேணி வாழும் நல்லடியார்களில் நம் அனைவரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.